செம்புங்கான் ஹோம்ஸ்டே: நுவரெலியாக்காரர் ஜாவா மலைக்குப் போய்த் தங்கலாமா?

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் டியெங் என்று ஓர் எரிமலை மேட்டுநிலம் இருக்கிறது. அதற்குள் செம்புங்கான் என்று ஒரு சின்ன ஊர், ஊர் முழுக்க உருளைக்கிழங்குதான். அங்கே கிழங்கு செய்கிற ஒரு குடும்பம் தங்கள் வீட்டு மாடியில் சில அறைகள் கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. நான், மாமா, மாமாவின் மகன் மூன்று பேரும் தங்கியது அங்கேதான். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். கடற்கரை, கடைத்தெரு, ராத்திரிக் கொண்டாட்டம் வேண்டும் என்கிறவர்கள் பாலிக்குப் போங்கள். கந்தப்பளை, ராகலை, வெலிமடை, பட்டிப்பொல பக்கம் மரக்கறி செய்கிறவர்கள், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், வெளிநாடு என்று ஒருமுறை போவதாக இருந்தால் இந்த ஊரையும் பட்டியலில் வையுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போகிற வழி: யோக்யகர்த்தா வரைக்கும் விமானம், அங்கிருந்து வோனோசோபோ என்ற நகரம், அதற்கு மேலே சுமார் 26 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் டியெங். வோனோசோபோவிலிருந்து சின்ன பஸ்கள் ஓடுகின்றன. மூட்டை முடிச்சோடும் கிழங்கு வாங்கப் போகும் ஆட்களோடும் நெருக்கியடித்துப் போகலாம், மலிவு. நாங்கள் யோக்யகர்த்தாவிலிருந்தே வாடகை வேன் பிடித்தோம். ஊர் வாசல் வரை விடுவதாகப் பேசிய வேன்காரர் டியெங் சந்தியிலேயே இறக்கிவிட்டு மேலே போக இன்னும் காசு கேட்டார். நல்லவேளை, ஹோம்ஸ்டே வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளில் வந்து பைகளை ஏற்றிக்கொண்டு போனான், அதற்கு ஒரு சதமும் வாங்கவில்லை. ஆகவே வேன் பேசும்போது செம்புங்கான் என்று ஊர்ப் பெயரைச் சொல்லி, விலையையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

ஊரின் உயரம் சுமார் 2,300 மீட்டர். ஜாவாவிலேயே உயரமான ஊர் என்று நுழைவாயிலில் பலகை வைத்திருக்கிறார்கள். நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், பட்டிப்பொல ஸ்டேஷன் 1,891 மீட்டர், அதைவிட நானூறு மீட்டர் மேலே ஒரு முழு ஊர், பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கடை எல்லாம் வைத்துக்கொண்டு வாழ்கிறது. குளிருக்குப் பழகியவர்கள் நாம் என்று தைரியமாகப் போகாதீர்கள். ஜூன் முதல் செப்டெம்பர் வரை அங்கே மழையில்லாத காலம், அப்போது விடியற்காலையில் புல்லில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும், கிழங்குச் செடி ஒரே இரவில் கருகிவிடும். நமக்குத் தை, மாசியில் நுவரெலியாவில் வருகிற அதே உறைபனிதான், மாதம் மட்டும் வேறு. வீட்டில் தடித்த கம்பளி இரண்டிரண்டு கொடுத்தார்கள். குளிக்கச் சுடுதண்ணி காஸ் ஹீட்டரில் வருகிறது, காலையில் முதலில் குளிக்கிறவருக்குத்தான் நன்றாகச் சூடாக வருகிறது. அந்த அரை மதிப்பெண்ணில் பாதியை இதற்காகக் குறைத்தேன்.

அறை சின்னது, சுத்தம். கட்டில், மெத்தை, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். மெச்ச வேண்டியது சமையலறையை. வீட்டுக்கார அம்மாவை அங்கே எல்லாரும் இபு என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வந்தவர்களை இபு முன்னறை சோபாவில் உட்கார வைக்கவில்லை, நேரே அடுப்படிக்குக் கூட்டிப் போய் நெருப்புச் சட்டியைச் சுற்றிக் கிடந்த பலகைகளில் உட்கார வைத்தார். அந்த ஊரில் குளிருக்கு எல்லாரும் அப்படித்தான் உட்காருகிறார்களாம், விருந்தாளியும் சரி, வீட்டு ஆளும் சரி, கையை நெருப்பில் காட்டிக்கொண்டே பேச்சு. எங்களுக்கு இந்தோனேசிய மொழி தெரியாது, அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. பையன் மட்டும் கொஞ்சம் பேசுவான், மிச்சத்துக்குக் கைபேசி மொழிபெயர்ப்பு. அதுவே போதுமாக இருந்தது, ஏனென்றால் மாமாவும் வீட்டுக்காரரும் பேசியதெல்லாம் கிழங்கைப் பற்றி. அதற்கு விரலும் கையும் போதும்.

சாப்பாட்டைப் பற்றி நம் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். மூன்று வேளையும் சோறு கிடைக்கும். தெம்பே என்று சோயா அவரையைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய பொருள், அதை மஞ்சள் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்துச் சுடச்சுடத் தருவார்கள், குளிருக்கு அதை விட்டு எழும்ப மனம் வராது. உருளைக்கிழங்கு எந்தக் கறியிலும் உண்டு. மிளகாய்ச் சம்பல் உண்டு, ஆனால் லேசான இனிப்போடு இருக்கும், நம் கட்டச் சம்பல் காரத்தை எதிர்பார்க்காதீர்கள். வோனோசோபோவின் பெயர்போன சாப்பாடு மீ ஒங்லோக்: நூடில்ஸ், கோவா, வெங்காயத்தழை மாதிரி ஒரு கீரை, மேலே கூழ் போன்ற தடித்த குழம்பு. இதில் ஒன்றைக் கவனியுங்கள், கூடவே வைக்கிற சாத்தே, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி, பெரும்பாலும் மாட்டிறைச்சி. சாப்பிடாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாமா மாடு சாப்பிடமாட்டார், இபுவிடம் சொன்னதும் மறு பேச்சில்லாமல் அவருக்கு மட்டும் தனியாக முட்டையும் தெம்பேயும் செய்து, சட்டியைக்கூட மாற்றினார். நட்சத்திர ஹோட்டல்களில்கூட நான் பார்க்காத கவனம் அது.

தேத்தண்ணி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மல்லிகைப்பூ வாசம் ஏற்றிய தேயிலை, நிறையச் சீனி, பால் கிடையாது. கொழுந்து எடுத்த கைகளுள்ள வீட்டில் பிறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தேயிலைக்கு இவ்வளவு வாசம் ஏற்றினால் தேயிலை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுபோன பெக்கோத் தேயிலையில் சாயம் ஊற்றி அவர்களுக்கும் கொடுத்தோம். வீட்டுக்காரர் இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். போகும்போது நல்ல தேயிலை ஒரு பக்கற் கையில் எடுத்துப் போங்கள், அதைவிட நல்ல அன்பளிப்பு அந்த வீட்டுக்குக் கிடையாது.

இனி தோட்டத்துக்கு வருகிறேன். இந்த ஹோம்ஸ்டேயில் தங்கினால் வீட்டுக்காரர் கேட்காமலே தன் கிழங்குத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறார், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மலைச்சரிவில் கொத்திப் போட்ட வரப்புகள், கோழிக்கழிவு மூட்டைகள், வரப்பை மூடிய கருப்பும் வெள்ளியுமான பிளாஸ்டிக் தாள், மருந்து அடிக்கிற மெஷினின் இரைச்சல். பார்த்ததும் மாமா, “மாப்புள, இது நம்ம கந்தப்பளை தானேடா” என்றார். விதைக்கிழங்கு என்ன இனம் என்று கேட்டால் கிரனோலா. நாமும் அதைத்தான் போடுகிறோம்! இரண்டு பேரும் ஆளுக்கொரு கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு நோய், மருந்து, விலை என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றார்கள். 2021இல் இலங்கையில் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியபோது எங்கள் பக்கம் விளைச்சல் எப்படி விழுந்தது என்று மாமா சொன்னதை அந்த மனிதர் நம்பவே இல்லை, பையனைக் கூப்பிட்டுத் திரும்பவும் மொழிபெயர்க்கச் சொன்னார்.

அழகான படங்களில் தெரியாத ஒன்றையும் அந்தத் தோட்டத்தில் பார்த்தோம். வரப்புகளை அங்கே பல இடங்களில் சரிவுக்குக் குறுக்கே போடாமல் மேலிருந்து கீழே நேராக இறக்கியிருக்கிறார்கள். காரணம் கேட்டால் புரிகிறது: கிழங்குக்கு வேரில் தண்ணி நின்றால் அழுகல், ஆகவே மழைத்தண்ணி வேகமாக ஓடிவிட வேண்டும். ஓடுகிற தண்ணி மண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறது. 1980களுக்குப் பிறகு கிழங்கில் நல்ல காசு வந்ததும் மலை உச்சி வரைக்கும் மரத்தை எடுத்துவிட்டுக் கிழங்கு போட்டார்கள். டியெங்கில் ஊற்றெடுக்கிற செராயு ஆறு அந்த மண்ணை எல்லாம் அள்ளிக்கொண்டு கீழே பாஞ்சார்னெகாராவிலுள்ள மிரிச்சா நீர்த்தேக்கத்தில் கொட்டுகிறது, தேக்கம் வண்டலால் நிரம்பிக்கொண்டிருக்கிறது. வெலிமடைப் பக்கத்து மண் ஊமா ஓயாவில் இறங்கி ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் போய்ப் படிவது நமக்குத் தெரியாததா? வீட்டுக்காரரும் இதை மறைக்கவில்லை. தன் அப்பா காலத்தில் கோழிக்கழிவு இவ்வளவு தேவைப்படவில்லை, இப்போது மூட்டை மூட்டையாகக் கொட்டினால்தான் கிழங்கு பருக்கிறது என்று வருத்தத்தோடுதான் சொன்னார். தோட்டத்தின் ஓரத்தில் கரிகா மரங்கள் நட்டிருக்கிறார். சின்னப் பப்பாளி மாதிரி ஒரு மலைப்பழம், பச்சையாகச் சாப்பிட நன்றாயில்லை, சீனிப்பாகில் காய்ச்சிப் போத்தலில் அடைத்தால் மிக நல்ல வாசம். ஊர்ப் பெண்கள் அதைச் செய்து விற்கிறார்கள். மண்ணைப் பிடித்து வைக்கிற மரம், காசும் தருகிறது. நம் பக்கத்திலும் சரிவான மரக்கறித் தோட்டங்களின் ஓரத்தில் இப்படி ஏதாவது நட வேண்டும் என்று மாமா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மண் என்றதும் இன்னொன்று. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயத்தோடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளோடு) நம் சனங்களை மூடியதை யாரும் மறந்திருக்க முடியாது. அதே வருடம் டிசம்பர் 12இல், டியெங்கிலிருந்து பாஞ்சார்னெகாராவுக்கு இறங்குகிற பக்கம், கரங்கொபார் பகுதியில் ஜெம்புளுங் என்ற சிற்றூரின் மேல் மலை சரிந்து ஏராளமானவர்கள் இறந்தார்கள். ஆறு வார இடைவெளி. நெருப்புச் சட்டியைச் சுற்றி இருந்தபோது பையனின் கைபேசியில் அவர்கள் ஜெம்புளுங்கையும் நாங்கள் மீரியாபெத்தையையும் காட்டிக்கொண்டோம். இபு அழுதுவிட்டார். இப்படிப் பேச வாய்க்கிறது என்பதற்காகவே ஹோட்டலை விட்டு இந்த மாதிரி வீட்டில் தங்கச் சொல்கிறேன்.

எனக்கு இந்த இடம் பிடித்ததற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு, அதைப் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். அந்த வீடு அவர்களுடையது. நாங்கள் பார்த்த தோட்டமும் அவர்களுடையது. கிழங்கு விலை விழுந்த வருடம் கடன் வாங்கி மாடியைக் கட்டினார்கள், வருகிறவர்கள் கொடுக்கிற வாடகை இபுவின் கையில் நேரே போகிறது, அந்தக் காசில் பையன் படிக்கிறான். இங்கே எல்லவிலும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வெள்ளைக்காரர்கள் வந்து குவிகிறார்கள், ரயிலில் தொங்கிப் படம் எடுக்கிறார்கள், கொழுந்து எடுக்கிற எங்கள் அம்மாமாரை நிறுத்தி வைத்துப் படம் எடுக்கிறார்கள், பழைய துரை பங்களாக்கள் ராத்திரிக்குப் பெரும் பணம் வாங்குகிற ஹோட்டல்களாகிவிட்டன. லயத்தில் இருக்கிறவர் தன் வாசலில் “தங்க இடம் உண்டு” என்று ஒரு பலகை மாட்ட முடியுமா? காணி அரசாங்கத்துடையது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, லயத்துக் காம்பரா (அறை) யாருடையது என்று கேட்டால் இன்றைக்கும் நம்முடையது என்று சொல்ல முடியாது. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர். அவர்களில் யாராவது ஒரு அறையை ஒதுக்கி இந்த மாதிரி ஆரம்பித்தால் நான் முதல் ஆளாகப் போய்த் தங்குவேன். பெரிய வசதி தேவையில்லை, செம்புங்கானில் இருந்ததெல்லாம் கம்பளி, சுடுதண்ணி, சோறு, அடுப்படியில் ஒரு பலகை. அப்படிச் செய்ய நினைக்கிறவர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அந்தச் செலவு வீண் போகாது.

சரி, சுற்றிப்பார்க்கிற இடங்கள். சூரிய உதயத்துக்கு சிகுனிர் என்ற குன்று, ஊரிலிருந்தே ஏறலாம், நடை அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. மேலே நின்றால் சிந்தோரோ எரிமலை பக்கத்திலேயே நிற்கும், தூரத்தில் மெர்பாபு, மெராபி மலைகள். வானம் தெளிந்திருந்தால் மிக நன்றாக இருக்கும். சனி, ஞாயிறில் போகாதீர்கள், சிவனொளிபாதமலை சீசன் மாதிரி வரிசை. வர்ண ஏரியில் கந்தகம் கலந்திருப்பதால் தண்ணி பச்சையும் நீலமுமாக மாறி மாறித் தெரிகிறது, ஒருமுறை பார்க்கலாம்.

சிகிடாங் என்ற எரிமலைப் பள்ளம் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் எரிமலையே கிடையாது, கன்னியா வெந்நீரூற்றோடு நம் அனுபவம் முடிந்தது. இங்கே காலடியில் சேறு கொதிக்கிறது, முட்டையை அதில் அவித்து விற்கிறார்கள், மூக்கில் கந்தக நெடி ஏறுகிறது. பலகைப் பாதையை விட்டு இறங்கக்கூடாது. பயமுறுத்தச் சொல்லவில்லை: 1979 பெப்ரவரி 20இல் டியெங்கில் சினிலா பள்ளம் வெடித்தபோது பயந்து வீடுகளை விட்டு ஓடிய சனங்கள் வழியில் கரியமில வாயுவில் சிக்கி 149 பேர் இறந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, காற்றைவிடக் கனமானது, பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். 2017 ஜூலையில் சிலேரி பள்ளம் வெடித்துப் பார்க்க வந்தவர்கள் காயப்பட்டார்கள். அதே சூட்டில்தான் அங்கே மின்சாரமும் எடுக்கிறார்கள், வெள்ளி நிறக் குழாய்கள் கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகின்றன. எந்தப் பள்ளம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று காலையில் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டே கிளம்பினோம். அவர் ஒரு இடத்துக்கு வேண்டாம் என்று தலையாட்டினார், நாங்கள் போகவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கட்டாயம் அப்படிக் கேளுங்கள்.

கோயில்களுக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். சமவெளியான புல்வெளியில் சின்னச் சின்னக் கற்கோயில்கள், ஜாவாவில் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய கோயில்களில் இவையும் அடங்கும், ஏழாம் எட்டாம் நூற்றாண்டுக் காலத்தவை. அங்கே கிடைத்த ஒரு கல்வெட்டு கி.பி. 809ஐச் சேர்ந்தது. எல்லாம் சிவனுக்குக் கட்டியவை, ஆனால் பிற்காலத்து ஊர்மக்கள் வைத்த பெயர்கள் பாரதத்துப் பெயர்கள்: அர்ஜுனன், பீமன், சுபத்திரை, கடோத்கஜன், சிகண்டி. இப்போது அங்கே அநேகமாக எல்லாரும் முஸ்லிம்கள், ஆனாலும் அந்தப் பெயர்களை நம் தோட்டத்துக் காமன்கூத்து, அர்ச்சுனன் தபசு ஆடுகிறவர்கள் சொல்வதுபோல அவ்வளவு பழக்கமாகச் சொல்கிறார்கள். பக்கத்திலுள்ள கைலாச மியூசியத்தில் நந்தி மனித உடம்போடு சிவனைத் தோளில் தூக்கியிருக்கிற ஒரு சிலை உண்டு, நான் வேறெங்கும் அப்படிப் பார்த்ததில்லை. மாமா கோயில் படியில் கற்பூரம் கொளுத்தலாமா என்று கேட்டார், காவலாளி மரியாதையாக வேண்டாம் என்றார், கும்பிட மட்டும் தடையில்லை. விபூதியைப் பூசிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. டியெங்கில் சில பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் தலைமுடி தானாகவே சடை பிடித்துவிடும். அதை நினைத்த நேரம் வெட்டமாட்டார்கள், பிள்ளையாகவே வெட்டச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்கும்போது அந்தப் பிள்ளை என்ன பொருள் கேட்டாலும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சடங்கோடு வெட்டுவார்கள். ஆட்டுக்குட்டி கேட்டாலும் கொடுக்க வேண்டும். 2010 முதல் இதை வைத்து அங்கே ஒரு பெரிய திருவிழா நடத்துகிறார்கள், வழக்கமாக ஓகஸ்டை ஒட்டி வரும். அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறும். பிள்ளைக்கு முடியிறக்க நேர்த்தி வைத்துக் கதிர்காமம் போகிற குடும்பங்களுக்கு அந்தச் சடங்கு அந்நியமாகத் தெரியாது.

குறைகள். சுடுதண்ணி சொல்லிவிட்டேன். சுவர் மெல்லியது, பக்கத்து அறையில் இருமினால் கேட்கும். அதிகாலை மூன்று மணிக்கே சிகுனிர் ஏறுகிறவர்கள் எழும்பி நடமாடுவார்கள், பிறகு பள்ளிவாசல் பாங்கு, பிறகு மருந்து மெஷின், நீண்ட தூக்கம் வேண்டும் என்கிறவர்களுக்குச் சரிவராது. மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், வீடுகளுக்கு மிகப் பக்கத்திலேயே அடிக்கிறார்கள், முகத்துக்குத் துணி மட்டும் கட்டிக்கொண்டு. மூச்சு வருத்தம் உள்ளவர்கள் சாலைப் பக்கத்து அறையைக் கேளுங்கள். மாமா அதற்காக வீட்டுக்காரரிடம் உரிமையோடு கோபித்துக்கொண்டார், இங்கேயும் நம் ஆட்கள் அதையே செய்து நெஞ்சுவலியோடு அலைகிறார்கள் என்று. முழங்கால் நோவு உள்ள பெரியவர்களுக்குப் படிகள் செங்குத்து, கீழ்த்தளத்தில் ஒரு அறை உண்டா என்று முதலிலேயே கேட்பது நல்லது.

காசு: ஒரு அறை மூன்று லட்சம் ரூபியாவுக்குள் அடங்கியது, நம் கணக்கில் ஐயாயிரத்துச் சொச்சம், காலைச் சாப்பாடு அதில் சேர்த்தி. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தனியாகக் கொடுத்தோம், அதுவும் அதிகமில்லை. இணையத் தளங்கள் வழியாகப் பதிந்தால் நடுவில் ஒரு பங்கு வெட்டுவார்கள், முடிந்தால் ஊருக்குப் போய் நேரடியாகக் கொடுங்கள், கூட்டமில்லாத கிழமை நாட்களில் அறை தாராளமாகக் கிடைக்கும். ஸ்வெட்டர், குரங்குத் தொப்பி, கையுறை, கூடவே அந்த ஒரு பக்கற் தேயிலை. திரும்பும்போது கரிகாப் போத்தல் வாங்கினால் சாலையோரக் கடைகளில் வாங்காமல் ஊர்ப் பெண்களிடமே வாங்குங்கள். விதைக்கிழங்கை மட்டும் ஆசைக்குக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அந்த மண்ணிலுள்ள நோய் நம் தோட்டத்துக்கு வந்தால் ஊரே தாங்காது, கட்டுநாயக்கவில் பிடித்தால் வழக்கும் உண்டு.